5 ஏக்கரில 54 துண்டு: எங்கட ஊருக்கு வந்த காணி பிளான் பத்தி

எங்கட ஊருக்குள்ள 5 ஏக்கர் காணி ஒண்டை 54 துண்டாப் பிரிச்சு விக்கப் போறாங்க. பிளான் பிரதேச சபைக்குப் போயிட்டுது, கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒரு கொப்பி வந்தது, சங்கத்து ஆக்கள் அதை என்னட்ட கொண்டு வந்து "வீட்டு பிளான் கீறுற ஆள் நீங்கதானே, ஒருக்காப் பாத்து சரி பிழையச் சொல்லுங்க" எண்டாங்க. பாத்தன். பிளானைக் கையில வச்சுக்கொண்டு காணிக்குள்ளயும் நடந்து பாத்தன். சங்கத்துக்குச் சொன்னதை இங்கயும் விவரமா எழுதுறன், ஏனெண்டா திருகோணமலையில உப்புவெளியில இருந்து சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி எண்டு குச்சவெளி வரைக்கும் இந்த ரோட்டுல காணி துண்டு போட்டு விக்கிறது நடந்துகொண்டேதான் இருக்கு, உங்கட ஊருக்கும் இப்பிடி ஒரு பிளான் வரலாம்.

காணி பிரிக்கிறதுக்கு நான் எதிர்ப்பு இல்ல. கல்யாணம் கட்டின பொடியன்மார் டவுணுக்குள்ள வாடகை குடுத்துக் குடுத்தே களைச்சுப் போறாங்க, டவுணுக்குள்ள ஒரு பேர்ச் வாங்குற காசுக்கு இங்கால பல பேர்ச் வாங்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள வீடு கட்ட ஏலாது எண்டு ஒரு கோடு போட்டாங்க, பிறகு அதைத் தளர்த்தினாலும் கடலுக்குக் கிட்ட வீடு வேணாம் எண்டு நிறைய சனம் மெயின் ரோட்டுக்கு மேற்கால காணி தேட வெளிக்கிட்டுதுகள். அதெல்லாம் நியாயம். வீடு வேணும், வீட்டுக்குக் காணி வேணும். ஆனா ஒரு காணியை 54 குடும்பத்துக்குப் பிரிச்சுக் குடுக்கிறது எண்டா அது 54 கிணறு, 54 மலசலகூடக் குழி, 54 கூரையில இருந்து விழுற மழத்தண்ணி. இந்த பிளானில துண்டு இருக்கு, ரோடு இருக்கு, தண்ணி எண்டு ஒரு சொல்லுக் கூட இல்ல. என்ட முழுப் பிரச்சினையும் அதுதான்.

கணக்கைப் பாப்பம். 5 ஏக்கர் எண்டா 800 பேர்ச். ரோட்டுக்கு ஏறத்தாழ 150 பேர்ச் போகுது. மிச்சம் 650. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியை வீட்டுக்குப் பிரிக்கேக்க ரோடு போக மிச்சத்தில 10 வீதம் பொது இடமா விடணும் எண்டு நகர அபிவிருத்தி அதிகார சபையோட விதி இருக்கு, இது 2 ஹெக்டேர் வரும், அதால 65 பேர்ச் விட்டிருக்கிறாங்க. மிச்சம் 585 பேர்ச்சில 54 துண்டு, ஒவ்வொண்டும் 10 பேர்ச்சில இருந்து 12 பேர்ச் வரை. துண்டு சின்னன் எண்டு யாரும் குறை சொல்ல ஏலாது, விதிப்படி 150 சதுர மீட்டர் இருந்தாலே காணும், அது 6 பேர்ச்சுக்குக் கிட்டத்தான். எல்லை எல்லாம் சரியாப் பிடிச்சு, கல்லு நட்ட இடமெல்லாம் சரியாக் குறிச்சு, சேர்வேயர் தன்ட வேலையை நல்லாத்தான் செய்திருக்கிறார். தாளில பாத்தா ஒரு பிழையும் இல்ல.

ஆனா நிலம் தாள் மாதிரி மட்டமா இல்லையே. காணியோட வடமேற்கு மூலையில நிண்டு பாத்தா நிலம் மெல்ல மெல்லச் சரிஞ்சு நடுவில ஒரு பள்ளமா ஓடுறது தெரியும், கோடையில போனா அதைக் கவனிக்கவே மாட்டீங்க, புல்லு மட்டும் கொஞ்சம் பச்சையா நிக்கும். மாரியில மேற்கால தரவை வெளியில நிறையிற தண்ணி முழுக்க அந்தப் பள்ளத்தாலதான் வந்து மெயின் ரோட்டு மதகுக்குள்ளால அங்கால போகுது. பக்கத்து வளவில இருக்கிற பெரியம்மாட்டக் கேட்டன், அவ சொன்னா, "மகன், அது ஆரும் வெட்டின வாய்க்கால் இல்ல, தண்ணி தானாப் போற இடம், கார்த்திகையில அதுக்குள்ள மீன் ஏறி வரும், நாங்க சீலையால வடிச்சுப் பிடிச்சிருக்கிறம்." ஆரும் வெட்டாத வாய்க்கால் எண்டபடியால அது அரசாங்க வரைபடத்திலயும் இல்ல, காணி உறுதியிலயும் இல்ல, சேர்வேயரோட பிளானிலயும் இல்ல. பிளானில அந்த இடத்தில லொட் 17இல இருந்து லொட் 23 வரைக்கும் 7 துண்டு வரிசையாக் கிடக்கு.

அந்த 7 துண்டை வாங்குற சனம் என்ன செய்யும்? மண் போட்டு நிரப்பும். 1 பேர்ச் எண்டது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட, 10 பேர்ச் துண்டை 2 அடி உயர்த்த வேணுமெண்டா 5,400 கன அடிக்கு மேல, அதாவது 54 கியூப் கிரவல். ஒருத்தன் நிரப்பினா பக்கத்துக் காணிக்காரன் சும்மா இருக்க மாட்டான், அவனும் நிரப்பணும், 7 துண்டும் நிரப்பினா 380 கியூப். அந்த 380 கியூப் மண் இருக்கிற இடத்தில முதல் தண்ணி நிண்டது, லீட்டர் கணக்கில பாத்தா 10 லட்சத்துக்கு மேல. அது எங்க போகும்? காணிக்குத் தெற்கால இருக்கிற பழைய வீடுகளுக்குள்ளதான் போகும், அங்க இருக்கிறதுகள் 40, 50 வருசமா வீட்டுக்குள்ள வெள்ளம் காணாம இருந்த சனம், இந்தக் காணி வித்ததில ஒரு சதம் கூடக் கிடைக்காத சனம். அதோட உள் ரோட்டையும் கிரவல் போட்டு உயர்த்தப் போறாங்க, அந்த ரோடு பள்ளத்துக்குக் குறுக்கால போகுது, பிளானில ஒரு மதகு கூடக் காட்டேல்ல, அப்ப அது ரோடு இல்ல, குளத்துக் கட்டு.

இதைக் காணி விக்கிற ஆக்களோட நிக்கிற தம்பி ஒருத்தரிட்டச் சொன்னன், அவர் நல்ல மரியாதையாத்தான் கேட்டார், "அண்ணா, தண்ணி ஓட ரெண்டு பக்கமும் கான் வெட்டித் தருவம்" எண்டார். கான் வெட்டுறது நல்லதுதான். ஆனா கானுக்கு அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் சரிவு, கடைசியில எதுக்குள்ள போய் விழும் எண்டு பிளானில கீறாட்டி அது வாயால சொன்ன கானா மட்டும்தான் இருக்கும். துண்டெல்லாம் வித்து முடிஞ்ச பிறகு அதை ஆர் வெட்டுவாங்க? சபைக்குக் காசு இருக்காது, வித்த ஆள் இருக்க மாட்டார், வாங்கினவன் தன்ட வாசலுக்கு மேலால கொங்கிறீட் போட்டு மூடிடுவான்.

இனி கிணறு. இதைக் கொஞ்சம் விலாவாரியாச் சொல்ல வேணும், ஏனெண்டா சங்கத்துக் கூட்டத்தில நிறையப் பேருக்கு இது விளங்கேல்ல. கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் குறைஞ்சது 50 அடி இருக்கணும் எண்டு பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார் சொல்லுவாங்க, எங்கட மாதிரி மணல் நிலத்தில அதுக்கு மேல இருந்தா இன்னும் நல்லம், மணலுக்குள்ளால எல்லாம் கெதியா இறங்கும். ஒரு கிணத்தை நடுவில வச்சு 50 அடிக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, அந்த வட்டம் மட்டும் 28 பேர்ச்சுக்கு மேல வரும். உங்கட துண்டு 10 பேர்ச். அப்ப உங்கட கிணத்தைச் சுத்தி குழி வரக்கூடாத இடத்தில பாதிக்கு மேல மற்றவன்ட வளவுக்குள்ளதான் இருக்கு, அவன் தன்ட குழியை எங்க வெட்டுறான் எண்டதிலதான் உங்கட பிள்ளைகள் குடிக்கிற தண்ணி தங்கியிருக்கு.

இதுக்கு வழி இல்லாமல் இல்ல. ஒரு துண்டு ரோட்டுப் பக்கம் 40 அடி, உள்ளுக்கு 68 அடி எண்டு வச்சா, எல்லாரும் கிணத்தை முன்னுக்கு ரோட்டோரமாயும் குழியைப் பின் வேலிக்குக் கிட்டவும் வச்சா 55 அடி மட்டும் எடுக்கலாம், முதுகுக்கு முதுகு இருக்கிற துண்டுகளிலயும் குழிப் பக்கம் குழி, கிணத்துப் பக்கம் கிணறு எண்டு வரும். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி வச்சாத்தான் இது சரி வரும், ஒருத்தன் வாஸ்துக்காரர் சொன்னார் எண்டு கிணத்தைப் பின்னுக்கு மாத்தினாலே நாலு வீட்டுக்குப் பிழைச்சுப் போகும். ரோட்டு முடிவில குறுக்கால திரும்பிக் கிடக்கிற துண்டுகளுக்கு எப்பிடி வச்சாலும் சரி வராது, லொட் 31, 32, 45 மூண்டையும் நான் ஸ்கேல் வச்சு அளந்து பாத்தன், குழி பக்கத்து வீட்டுக் கிணத்தில இருந்து 30 அடிக்குள்ள வருது. அதால கிணறு எங்க, குழி எங்க எண்டு ஒவ்வொரு துண்டிலயும் பிளானிலேயே குறிச்சு, அதை உறுதியில ஒரு நிபந்தனையாயும் எழுத வேணும் எண்டது என்ட கருத்து.

"பைப் தண்ணி வரும்தானே, பேந்தென்ன கிணறு?" எண்டு ஒருத்தர் கேட்டார். வரட்டும், கந்தளாய்த் தண்ணி வந்தா சந்தோசம்தான். ஆனா பைப் வந்தாலும் சனம் தோட்டத்துக்கு, குளிக்க, தோய்க்க கிணறு வெட்டும், மோட்டர் பூட்டும். கரையோர மணலுக்குக் கீழ நல்ல தண்ணி எண்டது உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிற தண்ணி, நல்ல தண்ணி பாரம் குறைவு எண்டபடியால மேல நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணி நிண்டா கீழ ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. அதை மறுவளமாப் பாருங்க, இறைச்சு இறைச்சு மேல 1 அடி குறைஞ்சா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பாக்கும். ஆடி ஆவணியில சில வளவுக் கிணறுகள் இப்பவே சவர் தட்டுது, ஊர் ஆக்களுக்கு இது தெரியும். 54 மோட்டர் ஒரே 5 ஏக்கருக்குள்ள ஓடினா பழைய ஊர்க் கிணறும் சேர்ந்துதான் கெடும். பைப் வந்தாலும் வராட்டியும் குழியில இருந்து இறங்குறது அதே மணலுக்குள்ளதான் இறங்கும்.

பொது இடத்துக்கு விட்ட 65 பேர்ச்சைப் பாத்து எனக்கு உண்மையாவே மனம் நொந்தது. தென்கிழக்கு மூலை, காணியிலேயே ஆகப் பள்ளமான இடம், மாரி முழுக்க முழங்கால் தண்ணி. பிள்ளைகள் விளையாட எண்டு எழுதியிருக்கு. விக்க ஏலாத இடத்தைப் பொது இடம் எண்டு காட்டினா தாளில 10 வீதம் சரியா வரும், ஒரு பிள்ளையும் அங்க போய் விளையாட மாட்டுது. அதை மேட்டுப் பக்கம் மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறம். மாத்துறதோட விடாம சபையோட பேருக்கு எழுதிக் குடுக்கவும் வேணும், இல்லாட்டி பத்து வருசத்தால அதுவும் ஆரோ ஒருத்தர்ட பேரில உறுதியாகி மதில் கட்டி நிக்கும்.

ரோடு: நடு ரோடு 20 அடி, கிளை ஒழுங்கைகள் 10 அடி. ஒரு ரோட்டில எத்தினை துண்டு தொங்குதோ அதுக்கேத்த மாதிரி அகலமும் கூடணும் எண்டதுதான் விதியோட போக்கு. இதில 10 அடி ஒழுங்கை ஒண்டில மட்டும் 11 துண்டு தொங்குது, கடைசியில வாகனம் திருப்ப இடமும் இல்ல. அம்புலன்ஸ் உள்ள போனா பின்னுக்கு எடுத்துத்தான் வெளிய வரணும், குழி நிரம்பினா அதை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் உள்ள வரவே ஏலாது. வாங்கேக்க ஆரும் கலி பவுசரைப் பத்தி யோசிக்கிறேல்ல.

இதெல்லாத்துக்கும் முதல் கேக்க வேண்டியது காணி ஆர்ட எண்ட கேள்வி, சேர்வேயர் பிளான் இருந்தா, சபை சீல் குத்தினா காணி சுத்தம் எண்டு நம்புற சனம் இன்னும் நிறைய இருக்கு. சேர்வேயர் அளக்கிறது எல்லையை, சபை பாக்கிறது ரோட்டையும் துண்டையும், உரித்தை ரெண்டு பேரும் பாக்கிறேல்ல. அது காணிப் பதிவுக் கந்தோரில புத்தகத்தைப் புரட்டி, குறைஞ்சது 30 வருசத்துக்குப் பின்னால போய்ப் பாக்க வேண்டிய வேலை, ஒரு நல்ல நொத்தாரிசைப் பிடிச்சுத்தான் செய்யணும். எங்கட மாவட்டத்தில அந்த 30 வருசம் லேசில இல்ல. சனம் ஊரை விட்டு ஓடின காலம், உறுதி எரிஞ்ச காலம், ஒரு காணிக்கு ரெண்டு பேர் அரசாங்க ஒப்பம் (பெர்மிட்) வச்சிருக்கிற இடம் எல்லாம் இதுக்குள்ள வருது. 10 வருசம் தடையில்லாம ஆண்டா ஆட்சி உரித்துக் கேக்கலாம் எண்டது 1871ஆம் ஆண்டுச் சட்டம், யுத்தத்தால வந்து பாக்க ஏலாமப் போன ஆக்களுக்காக 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் வந்து 1983 மே 1இல இருந்து 2009 மே 18 வரைக்குமான காலத்தை அந்தக் கணக்கில சேர்க்காம விட்டுது, ஆனா அதுக்கு 2 வருசத்துக்குள்ள வழக்குப் போடணும் எண்டு இருந்தது, எத்தினை பேருக்கு அது காதில விழுந்திருக்கும்?

இந்த 5 ஏக்கர் பங்குக் காணியா இருந்தது எண்டு ஊரில கதை. அப்பிடியெண்டா எல்லாப் பங்குகாரரும் கையெழுத்து வைக்கணும், இல்லாட்டி 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தில வழக்காடிப் பிரிச்சிருக்கணும். கனடாவில இருக்கிற ஒரு மருமகள் கையெழுத்து வைக்காம இருந்தா 54 துண்டில எந்தத் துண்டுக்கும் நிம்மதி இல்ல. பங்குகாரர் எல்லாரும் கையெழுத்து வச்ச ஆதாரத்தை சபைக்கு மட்டும் இல்லாம வாங்குற ஆக்களுக்கும் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒண்டு சொல்லணும், 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டத்தால வெளிநாட்டுப் பிரசைகள்ட பேரில காணி மாத்துறதுக்குத் தடை இருக்கு, இரட்டைப் பிரசாவுரிமை எடுத்த ஆக்களுக்குப் பிரச்சினை இல்ல, எடுக்காதவங்க அட்வான்ஸ் குடுக்க முதல் ஒரு லோயரோட கதையுங்க.

அரசாங்கம் குடுத்த ஒப்பக் காணியை இப்பிடித் துண்டு போட ஏலாது, அது 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வாறது, பிரதேச செயலாளர்ட அனுமதி இல்லாம விக்கவும் ஏலாது. இந்தக் காணி உறுதிக் காணி எண்டுதான் சொல்லுறாங்க. வயலும் இல்ல, அதால கமநல சேவைப் பக்கம் போக வேண்டிய தேவை வராது. கடலில இருந்து 300 மீட்டருக்கு அங்கால இருக்கிறபடியால கரையோர வலயத்துக்குள்ளயும் வராது. மேற்கு எல்லையில ஒரு வரிசை பனை நிக்குது, பெண் பனை தறிக்க அனுமதி எடுக்கணும், அனுமதி கிடைச்சாலும் அந்த வரிசையைத் தறிக்க வேணாம் எண்டு கேட்டிருக்கிறம், கச்சான் காத்துக்கு மணல் பறக்காம பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான்.

இப்ப சங்கம் சபைக்குக் குடுத்த கடிதத்தில நாங்க கேட்டது இதுதான். பிளானில நில உயரங்களை அளந்து போட்டு, தண்ணி போற பள்ளத்தை ஒதுக்கிடமாக் காட்டணும். லொட் 17 தொடக்கம் 23 வரைக்கும் துண்டு வேணாம், அந்த இடம் மழைக்குத் தண்ணி போகவும் கோடைக்கு மாடு மேயவும் கிடக்கட்டும். குறுக்கால போற ரோட்டுக்கு மெயின் ரோட்டு மதகுக்குக் குறையாத அளவில ஒரு மதகு வேணும். ரோட்டு முடிவில இருக்கிற லொட் 45ஐ எடுத்துப்போட்டு அதில வாகனம் திருப்புற இடம் விடணும், 31ஐயும் 32ஐயும் கிணறு குழி தூரம் வாற மாதிரித் திருப்பிக் கீறணும். மொத்தம் 54, 46 ஆகும்.

அந்தத் தம்பி "8 துண்டு குறைஞ்சா எங்களுக்குக் கட்டாது அண்ணா" எண்டார். அவர்ட பக்கத்தையும் நான் யோசிச்சுப் பாக்கிறன், அவங்களும் கடன் எடுத்துத்தான் காணி வாங்கியிருப்பாங்க. ஆனா அந்த 8 துண்டோட நட்டத்தை இப்ப அவங்க தாங்காட்டி வெள்ளத்தில மிதக்கிற வீட்டுக்காரனும் தெற்கால இருக்கிற பழைய சனமும் வருசா வருசம் தாங்கணும். மிச்சம் 46 துண்டும் வெள்ளம் வராத, நல்ல கிணறு வெட்டக்கூடிய துண்டு எண்டு தெரிஞ்சா சனம் அதுக்கேத்த விலை குடுக்கும், கொஞ்சமாவது ஈடு வரும். அவர் பிளானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் முதலாளியோட கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார், முகத்தை முறிச்சுக் கதைக்கேல்ல, அது நல்ல விசயம்.

சபை ஆக்கள் இடத்தைப் பாக்க வருவம் எண்டு சொல்லியிருக்கிறாங்க. அவங்க கோடையில வந்தா பள்ளம் தெரியாது, அதால மாரியில எடுத்த படங்கள் வேணும். மதகடி, தெற்கு ஒழுங்கை, பழைய பள்ளிக்கூடப் பின் வேலி, இந்த மூண்டு இடத்திலயும் எந்த வருசத்து வெள்ளத்தில எடுத்த படம் எண்டாலும் ஃபோனில இருந்தாத் தேடிப் பாருங்க, தண்ணி எந்த மட்டத்துக்கு நிண்டது எண்டு தெரியிற மாதிரி மதிலோ மரமோ படத்தில இருந்தா இன்னும் உதவி. எடுத்த திகதியும் எழுதி சங்கத்துச் செயலாளர்ட்டக் குடுங்க, வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் வீட்டு ஆக்களுக்கு அனுப்பினாலும் காணும், நான் எல்லாத்தையும் சேர்த்து பிளானில எந்த லொட்டுக்கு நேர எடுத்தது எண்டு குறிச்சு சபைக்குக் குடுக்கிறன்.